90 நாள் மாத்திரையை ஒரே தடவையில் கொடுத்தால் பிரஷர் கட்டுப்பாடு கெடுமா? சேலம், ஏற்காடு பகுதியில் ட்ரையல் நடத்த ஆலோசனை தேவை

சேர்வராயன்_எம்ஓ கேட்டது:

வணக்கம். ஏற்காடு வட்டாரத்தையும் கீழே சமவெளி வட்டாரங்கள் சிலவற்றையும் சேர்த்து ஒரு பிராக்மாடிக் ட்ரையல் (அன்றாடச் சிகிச்சைச் சூழலிலேயே நடத்தும் ஆய்வு) நடத்தத் திட்டமிடுகிறோம். தனி ஆராய்ச்சி மையம், தனி ஊழியர், தனி லேப் எதுவும் கிடையாது. அன்றாடம் ஓடுகிற என்சிடி (தொற்றா நோய்) கிளினிக், துணை சுகாதார நிலையம், மக்களைத் தேடி மருத்துவம், இவற்றுக்குள்ளேயே எல்லாம் நடக்க வேண்டும்.

கேள்வி இதுதான். பிரஷர் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு இப்போது 30 நாள் மாத்திரை கொடுக்கிறோம். அதையே 90 நாளுக்குக் கொடுத்தால் ஒரு வருடம் கழித்துக் கட்டுப்பாடு குறையுமா? வெள்ளக்கடை, மாரமங்கலம் பக்கத்திலிருந்து மாதாமாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். குறையாது என்று காட்ட முடிந்தால் துறையிடம் தைரியமாகக் கேட்கலாம்.

இப்போதைய திட்டம்: 10 ஆரம்ப சுகாதார நிலையங்கள். குலுக்கலில் 5 நிலையங்கள் 30 நாள் பிரிவு, 5 நிலையங்கள் 90 நாள் பிரிவு. நிலையத்துக்கு 160 பேர், மொத்தம் 1,600. தொடர்ந்து இரண்டு வருகைகளில் 140/90-க்குக் கீழே இருப்பவர்கள் மட்டும். 12 மாத முடிவில் பதிவேட்டில் உள்ள கடைசி பிரஷர் அளவை எடுத்து எத்தனை பேர் கட்டுக்குள் என்று பார்ப்போம்.

1,600 போதுமா? பதிவேட்டு அளவையே முடிவாக எடுக்கலாமா? மருந்து இருப்பு தாங்குமா? மலையில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர், ஒப்புதல் எப்படி வாங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

எண்கணக்கு_ஆத்தூர் பதில்:

டாக்டர், கேள்வி நன்றாக இருக்கிறது. விடை எப்படி வந்தாலும் மறுவாரமே நடைமுறையை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் இந்த வகை ஆய்வுக்கு முதல் தகுதி. ஆனால் 10 நிலையங்களை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது.

ஒரே நிலையத்து நோயாளிகள் ஓரளவு ஒரே மாதிரிதான் இருப்பார்கள். அதே டாக்டர், அதே நர்ஸ், அதே பிரஷர் மெஷின், அதே மருந்து இருப்பு. அந்த ஒற்றுமையை அளக்கும் எண்தான் ஐசிசி. பிரஷர் கட்டுப்பாட்டுக்கு 0.03 என்று வைத்துக்கொள்வது நியாயமான அனுமானம். அதனால் எத்தனை மடங்கு கூடுதல் ஆட்கள் வேண்டும் என்று சொல்லும் டிசைன் எஃபெக்ட் என்பது 1 + (கிளஸ்டரில், அதாவது குலுக்கலில் ஒன்றாகப் போகும் குழுவில், உள்ளவர்கள் − 1) × ஐசிசி. 160 பேர் என்றால் 1 + 159 × 0.03 = 5.77. அதாவது உங்கள் ஒரு பிரிவில் இருக்கும் 800 பேர், கணக்குக்கு 139 பேர்தான். அதோடு, பிரிவுக்கு 5 நிலையம் மட்டும் இருக்கும்போது ஒரு நல்ல நர்ஸ் மாறுதலாகிப் போனாலே முடிவு சாய்ந்துவிடும்.

நிலையத்துக்குள் ஆட்களைக் கூட்டாதீர்கள், கிளஸ்டர்களைக் கூட்டுங்கள். துணை சுகாதார நிலையத்தை அலகாக எடுங்கள். நீங்கள் கேட்பது "குறையாது" என்று காட்டும் நான்-இன்ஃபீரியாரிட்டி கேள்வி. 30 நாள் பிரிவில் 12-ஆம் மாதம் 70 சதவீதம் பேர் கட்டுக்குள் இருப்பார்கள், 7 புள்ளிக்கு மேல் குறைந்தால் ஏற்கமாட்டோம், தவறாக "குறையாது" என்று சொல்லிவிடும் வாய்ப்பு ஒருபக்க 2.5 சதவீதம், உண்மையில் குறையாதபோது அதைக் காட்டும் வாய்ப்பு (பவர்) 80 சதவீதம் என்று வைத்தால், ஆள்வாரியாகக் குலுக்கினால் பிரிவுக்கு 673 பேர் வேண்டும். துணை நிலையத்துக்கு 40 பேரைச் சேர்த்து 36 பேர் கடைசிவரை நிற்பார்கள் என்றால் டிசைன் எஃபெக்ட் 2.05. 673 × 2.05 = 1,380. அதை 36-ஆல் வகுத்தால் 39 துணை நிலையங்கள். ஒன்று கூடுதலாக வைத்துப் பிரிவுக்கு 40, மொத்தம் 80 துணை நிலையங்கள், 3,200 பேர். குலுக்கும்போது மலை, சமவெளி என்று இரண்டு அடுக்காகப் பிரித்துக் குலுக்குங்கள். ஏற்காடு வட்டாரத்தில் துணை நிலையங்கள் குறைவு. மொத்தமாகக் குலுக்கினால் அவற்றில் பெரும்பாலானவை ஒரே பக்கம் விழலாம்.

அந்த 7 புள்ளியைக் கணக்குப் போடுபவர் முடிவு செய்யக் கூடாது. மூன்று மாதத்தில் இரண்டு பயணம் மிச்சமாவதற்காக 100 பேரில் எத்தனை பேரின் கட்டுப்பாடு போனால் பொறுத்துக்கொள்வோம் என்பது மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. ஆய்வு தொடங்குமுன் நெறிமுறை ஆவணத்தில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். சாதாரண ஆய்வில் நடைமுறை கலைந்துபோனால் வித்தியாசம் தெரியாமல் போகும், நாமே தோற்றோம் என்று எண்ணிக்கொள்வோம். நான்-இன்ஃபீரியாரிட்டியில் நடைமுறை கலைந்தால் வெற்றி மாதிரியே தெரியும். 90 நாள் பிரிவில் பாதிப் பேருக்கு 30 நாள் மாத்திரைதான் போயிருக்கிறது, 30 நாள் பிரிவில் மழைக்காலத்தில் இரண்டு மாதம் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள் என்றால் இரண்டு பிரிவும் ஒன்றாகிவிடும். "வித்தியாசம் இல்லை" என்று அறிக்கை வரும். அது பொய்யான ஆறுதல்.

இது கற்பனைக் கவலை கிடையாது. அமெரிக்காவில் டயாலிசிஸ் நேரத்தைக் கூட்டிப் பார்த்த 'டைம்' என்ற ட்ரையலில் 266 மையங்கள், 7,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். ஒரு பிரிவில் 255 நிமிடம் என்று இலக்கு வைத்தார்கள். நடந்தது சராசரி 216 நிமிடம், வழக்கமான பிரிவில் 207. பிரிவுகளுக்குள் இடைவெளியே இல்லாததால் ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. 2021-இல் வெளியான 'அடாப்டபிள்' என்ற ட்ரையலில் 15,076 பேர், ஆஸ்பிரின் 81 மில்லிகிராமா 325 மில்லிகிராமா என்று கேள்வி. 325 பிரிவில் 41.6 சதவீதம் பேர் டோஸை மாற்றிக்கொண்டார்கள், 81 பிரிவில் 7.1 சதவீதம்தான்.

அதனால் ஒவ்வொரு மாதமும் ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள். 90 நாள் பிரிவு வருகைகளில் எத்தனை சதவீதத்தில் 84 நாளோ அதற்கு மேலோ மாத்திரை போயிருக்கிறது, 30 நாள் பிரிவில் எத்தனை சதவீதத்தில் 35 நாளுக்குள் போயிருக்கிறது. இரண்டில் ஒன்று 80-க்குக் கீழே இறங்கினாலும் அந்த மாதமே காரணத்தைத் தேடிப் போங்கள். இறுதிப் பகுப்பாய்வில், ஒதுக்கப்பட்ட பிரிவின்படி ஒரு கணக்கு, உண்மையில் அந்தப்படி மாத்திரை பெற்றவர்களை மட்டும் வைத்து ஒரு கணக்கு. இரண்டும் ஒரே பக்கம் பேசினால்தான் நம்பலாம்.

---

மலைச்செவிலி பதில்:

பதிவேட்டில் உள்ள கடைசி அளவை முடிவாக எடுக்காதீங்க டாக்டர். இந்த ஆய்வு உடையப் போற இடமே அதுதான்.

30 நாள் பிரிவுல ஒருத்தருக்கு வருஷத்துக்கு 12, 13 தடவை பிரஷர் பார்ப்போம். 90 நாள் பிரிவுல நாலு தடவை. கடைசி அளவு அங்கே போன மாசத்தது, இங்கே மூணு மாசத்துக்கு முந்தினது. கூடிப் போனா அங்கே அடுத்த மாசமே மாத்திரையை ஏத்திடுவோம், இங்கே கூடினதே பதிவாகாது. வராம நின்னுபோனவருக்கு இருக்கிற கடைசி அளவு, அவர் ஒழுங்கா வந்துக்கிட்டிருந்த காலத்து நல்ல அளவு. ஒரு பிரிவை அதிகம் பார்க்கிறோம், இன்னொண்ணைக் குறைச்சுப் பார்க்கிறோம். அதை வச்சு ரெண்டையும் ஒப்பிட முடியாது.

12-வது மாசம், முன்பின் மூணு வாரத்துக்குள்ள, ரெண்டு பிரிவுக்கும் ஒரே மாதிரி தனியா ஒரு அளவு எடுக்கணும். எடுக்கிறவங்க அந்த ஊர்க்காரங்களா இருக்கக் கூடாது, யாருக்கு எந்தப் பிரிவுன்னு தெரியக் கூடாது. வீட்டுல 90 நாள் பொட்டலம் கண்ணுல படும், அதனால துணை நிலையத்துக்கு வரவழைச்சுப் பாருங்க, முடியாதவங்களுக்கு மட்டும் வீடு. ரெண்டு பேர் கொண்ட குழு ஒரு நாளைக்கு 25 பேரைப் பார்க்கலாம். 3,200 பேருக்கு 128 குழு-நாள். நாலு குழு போட்டா 32 வேலை நாள். செலவே வேண்டாம்னு நினைச்சிருந்தா, இந்த ஒண்ணுக்கு மட்டும் பணம் ஒதுக்குங்க.

அந்த அளவை நவம்பர்லேர்ந்து பிப்ரவரிக்குள்ள விழுற மாதிரி வைக்காதீங்க. காப்பிப் பழம் பறிப்பு நடக்கும், பகல்ல ஊர்ல ஆள் கிடைக்காது. கிடைக்கிறது வேலைக்குப் போக முடியாதவங்கதான், அவங்களை மட்டும் அளந்தா கணக்கு கோணிடும். மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழா நாட்களையும் தவிர்த்துடுங்க. ஜூன், ஜூலைல சேர்க்கை ஆரம்பிச்சா அடுத்த ஜூன், ஜூலைல முடிவு அளவு, அது சரியா வரும்.

அளக்குற முறை: அஞ்சு நிமிஷம் முதுகு சாஞ்சு, கால் தரையில, பேசாம உட்காரணும். ஏத்தம் ஏறி வந்தவங்களுக்கு அஞ்சு நிமிஷம் பத்தாது, கால் மணி நேரம் விடுங்க. டீ, காப்பி, வெத்தலைப் புகையிலை முடிஞ்சு அரை மணி ஆகியிருக்கணும். டிஜிட்டல் மெஷின், ரெண்டு அளவு, ஒரு நிமிஷ இடைவெளி, சராசரி. மேல்கைச் சுற்று 22-லேர்ந்து 32 செ.மீ. வரைதான் சாதாரண கஃப் (கையில சுத்துற பட்டை). அதுக்கு மேல பெரிய கஃப் வேணும், இல்லேன்னா அளவு கூடுதலாக் காட்டும். பேட்டரி தீரப்போற மெஷின்ல அளவை நம்பாதீங்க, குழுவுக்கு ஒரு செட் மாத்து பேட்டரி கையில இருக்கட்டும்.

தகுதி பார்க்கும்போதும் ஒரு சோதனை பண்ணுங்க. பதிவேட்டுல போன ஆறு மாச அளவுகள்ல கடைசி எண் 0-வா முடியறது எத்தனைன்னு எண்ணுங்க. டிஜிட்டல் மெஷின்ல பத்துல ஒண்ணுதான் 0-ல முடியணும். பத்துல ஆறு, ஏழு 130/80-னு இருந்தா அங்கே அளக்கலை, குத்துமதிப்பா எழுதியிருக்காங்க. அந்தத் துணை நிலையத்துக்கு முதல்ல பயிற்சி, அப்புறம் சேர்க்கை.

இப்ப நாள் கணக்கு. 90 நாள் கழிச்சு வாங்கன்னு சொன்னா, செவ்வாய்க்கிழமை வந்தவருக்கு அடுத்த தேதி திங்கட்கிழமை விழும். என்சிடி கிளினிக் அன்னிக்கு இருக்காது. 84 நாள்னா சரியா 12 வாரம், அதே கிழமை. மாத்திரை 90 கொடுங்க, வரச் சொல்றது 84-வது நாள், ஆறு மாத்திரை கையிருப்பு. 30 நாள் பிரிவுக்கும் அதே மாதிரி மாத்திரை 30, வரச் சொல்றது 28-வது நாள்.

இன்னொரு சிக்கல், காலாண்டுக் கணக்கு. மூணு மாசமா வராதவங்களை "விட்டுப்போனவர்"னு பட்டியல் எடுத்து வீட்டுக்கு ஆள் அனுப்புறோம். 90 நாள் பிரிவுல ஒரு வாரம் தாமதமானவர்கூட அந்தப் பட்டியல்ல ஏறிடுவார். மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் தேடிப் போவாங்க, பிரஷர் பார்ப்பாங்க, ஒரு அட்டை மாத்திரையும் கொடுத்துட்டு வருவாங்க. அப்ப நீங்க சோதிக்கிறது 90 நாள் முறை இல்லை. ரெண்டு பிரிவுக்கும் ஒரே விதி எழுதி வைங்க: வரச் சொன்ன தேதி தாண்டி 14 நாள் ஆனாத்தான் தேடிப் போகணும்.

தன்னார்வலர்களோட ஊக்கத்தொகை எந்தக் கணக்குல வருதுன்னும் பாருங்க. வீட்டு வருகை குறைஞ்சா அவங்க வருமானம் குறையும்னா ஒத்துழைப்பு இருக்காது, அவங்களைக் குத்தம் சொல்லவும் முடியாது.

---

மருந்தாளுநர்_ஓமலூர் பதில்:

இருப்பு பத்திச் சொல்றேன் சார். அம்லோடிபின் 5 மில்லிகிராம் பத்து மாத்திரை அட்டை. ஒருத்தருக்கு 90 நாள்னா 9 அட்டை. டெல்மிசார்டனும் சேர்ந்தவருக்கு 18. பிரிவுல 1,600 பேரை ஒரே மாசத்துல 90 நாளுக்கு மாத்தினா, ஒரு மருந்துக்கே முதல் மாசம் 14,400 அட்டை போகும். வழக்கமா 4,800. கிடங்குல போன மாச நுகர்வைப் பார்த்துத்தான் கொடுப்பாங்க, பாஸ்புக் (நிலையத்தோட மருந்துக் கணக்குப் புத்தகம்) ஒதுக்கீடும் வருஷத்துக்குத்தான் கணக்கு. திடீர்னு மூணு மடங்கு இண்டென்ட் (மருந்துக் கோரிக்கை) போட்டா கேள்வி வரும், பாதிதான் வரும்.

மூணு தவணையா மாத்துங்க. துணை நிலையத்துக்கு 39 பேர்னு வச்சுக்கலாம். முதல் மாசம் 13 பேருக்கு 90, மீதி 26 பேருக்கு 30: 1,950 மாத்திரை. ரெண்டாவது மாசம் அடுத்த 13 பேருக்கு 90, கடைசி 13 பேருக்கு 30: 1,560. மூணாவது மாசம் 1,170. அதுக்கப்புறம் மாசா மாசம் 1,170, இப்ப போற அதே அளவு. ஒரே மூச்சுல மாத்தினா முதல் மாசம் 3,510. ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே கிடங்குக்கு எழுத்துல தெரிவிச்சுடுங்க.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு. ரெண்டு பிரிவுத் துணை நிலையமும் ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்துலேர்ந்துதான் மருந்து எடுக்கும். 90 நாள் பிரிவு இருப்பை உறிஞ்சிட்டா 30 நாள் பிரிவுக்காரங்க வெறுங்கையோட திரும்புவாங்க. அவங்க பிரஷர் ஏறும். கடைசில பார்த்தா 90 நாள் பிரிவு நல்லாத் தெரியும், காரணம் நாமே இன்னொரு பிரிவைக் கெடுத்தது. அதனால 30 நாள் பிரிவுக்கு வேண்டிய ரெண்டு மாச இருப்பைத் தனி அலமாரியில, தனிக் கணக்குல வைங்க. அதுல கை வைக்கக் கூடாது.

காலாவதி ஆறு மாசத்துக்குக் குறைவா இருக்கிற சரக்கை 90 நாள் பிரிவுக்குக் கொடுக்காதீங்க, அது 30 நாள் பிரிவுக்குப் போகட்டும். அட்டையை வெட்டிக் கொடுக்கவே கூடாது, பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் போயிடும். மலையில ஈரம், கீழே வெயில் காலத்துல ஓட்டு வீட்டுக்குள்ள 30 டிகிரிக்கு மேல. உதிர்த்து டப்பாவுல போட வேண்டாம், அட்டையோட இருக்கட்டும், அடுப்பு மேல இருக்கிற மாடத்துல வைக்க வேண்டாம்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லணும். மூணு சிறு கவர்ல மூணு அட்டை மூணு அட்டையா பிரிச்சு, 1, 2, 3-னு எழுதிக் கொடுத்தா வீட்டுல இன்னொருத்தர் எடுத்துச் சாப்பிடறது குறையும். பிரஷர் இருக்கிற வீட்டுல கணவன் மாத்திரையை மனைவி பகிர்ந்துக்கிறது சாதாரணம். மூணு மாச மாத்திரை கையில இருந்தா அது இன்னும் கூடும்.

---

சேர்வராயன்_எம்ஓ:

மிக்க நன்றி. துணை நிலைய அளவுக்கு மாற்றிவிடுகிறோம், 12-ஆம் மாதத் தனி அளவும் சேர்த்துவிட்டோம். மீதி இரண்டு: ஒரே டாக்டரின் கீழே இரண்டு பிரிவும் வந்தால் கலக்காதா? ஒப்புதல் விஷயம் யாராவது சொல்லுங்கள். 3,200 பேரிடம் நீண்ட படிவத்தில் கையெழுத்து வாங்கினால் கிளினிக்கே நின்றுவிடும்.

---

நெறிக்குழு_சேலம் பதில்:

இந்த மருந்துகள் அங்கீகரிக்கப்பட்டவை, அதே நோய்க்கு, அதே அளவில் கொடுக்கிறீர்கள். மாறுவது எத்தனை நாளுக்குக் கொடுக்கிறோம் என்பது மட்டுமே. ஆகவே புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் 2019-இன்படி மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி தேவைப்படும் வகை இது இல்லை. ஆனால் அதே விதிகளின் 4-ஆம் அத்தியாயப்படி, சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். பிறகு துறை அனுமதி. அதன் பின் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு. 2018 ஏப்ரல் 1 முதல் முதல் நபரைச் சேர்க்கும் முன்பே செய்த பதிவை மட்டும்தான் ஏற்கிறார்கள். ஒரே ஒருவரைச் சேர்த்துவிட்டுப் போனாலும் பதிவு கிடைக்காது, பின்னால் நல்ல இதழ்களில் வெளியிடவும் முடியாது.

ஒப்புதலில் மூன்று அடுக்குகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். துணை நிலையத்தைக் குலுக்கலில் சேர்க்கத் துறை தரும் அனுமதி ஒன்று. ஊர்ப் பெரியவர்களிடம் விளக்கிப் பெறும் இசைவு இன்னொன்று. பழங்குடி ஊர்களில் இது இல்லாமல் உள்ளே போகக் கூடாது. இவை இரண்டும் சேர்ந்தாலும் தனிநபர் ஒப்புதலுக்கு ஈடாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்கள் இதில் தெளிவாக இருக்கின்றன. மிகக் குறைந்த ஆபத்துள்ள ஆய்வில் ஒப்புதல் முறையை எளிமையாக்கவோ விலக்கு தரவோ குழுவுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதை நீங்களாக எடுத்துக்கொள்ள முடியாது, காரணத்தோடு விண்ணப்பிக்க வேண்டும்.

என் யோசனை: முழு விலக்கு கேட்காதீர்கள். ஒரு பக்கத் தமிழ்த் தகவல் தாள், வாசித்துக் காட்ட மூன்று நிமிடம், கையெழுத்து அல்லது கைநாட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் சாட்சி, சாட்சி சுகாதார ஊழியராக இருக்கக் கூடாது. தாளில் ஐந்து விஷயம் போதும்: உங்கள் ஊருக்கு எந்த முறை என்பது குலுக்கலில் முடிவானது, எப்போது வேண்டுமானாலும் விலகலாம், மாத்திரை நிற்காது, பதிவேட்டுத் தகவலைப் பெயர் நீக்கிப் பயன்படுத்துவோம், 12-ஆம் மாதம் ஒருமுறை பிரஷர் பார்ப்போம். "விலகினால் மாத்திரை நிற்காது" என்பதை ஊழியர் வாயால் சொல்ல வேண்டும். மருந்து தருகிறவரே ஒப்புதல் கேட்கும்போது மறுக்கப் பயப்படுவது இயல்பு.

டெல்மிசார்டன் எடுக்கும், கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களைச் சேர்க்காதீர்கள். கருவுற்றால் அந்த மருந்தை உடனே நிறுத்த வேண்டும், 90 நாள் இடைவெளியில் அது தெரியாமல் போகும். பக்கவாதம், மாரடைப்பு, இறப்பு மூன்றையும் இரு பிரிவிலும் ஒரே படிவத்தில் பதியுங்கள், ஆறாம் மாதம் ஆய்வுக் குழுவுக்கு வெளியே உள்ள ஒருவர் பிரிவுவாரியாகப் பார்க்கட்டும்.

---

எண்கணக்கு_ஆத்தூர் பதில்:

கலப்பு பற்றி. மாத்திரை நாளைத் தீர்மானிப்பது டாக்டரின் பேனாவாக இருந்தால் கலக்கும். நோயாளி கையிலுள்ள சிகிச்சை அட்டையின் நிறமாக இருந்தால் கலக்காது. 30-க்கு வெள்ளை, 90-க்கு மஞ்சள். டாக்டர் மருந்தையும் டோஸையும் மட்டும் எழுதட்டும், எத்தனை நாள் என்பதை மருந்தாளுநர் அட்டை நிறம் பார்த்துக் கொடுக்கட்டும். டோஸ் மாறினாலோ பிரஷர் 160/100-ஐத் தாண்டினாலோ எந்தப் பிரிவாக இருந்தாலும் 28 நாளில் வரச் சொல்லும் உரிமை டாக்டருக்கு எப்போதும் உண்டு. அந்த ஆள் தன் பிரிவிலேயே எண்ணப்படுவார்.

குலுக்கலுக்கு முன் பட்டியலை மூடிவிடுங்கள். இதை யாரும் இன்னும் சொல்லவில்லை. எந்தத் துணை நிலையம் எந்தப் பிரிவு என்று தெரிந்த பிறகு ஆட்களைச் சேர்த்தால், 90 நாள் ஊரில் "இவர் ஒழுங்காகச் சாப்பிடுவார்" என்று தோன்றுபவரைத்தான் ஊழியர் சேர்ப்பார், வேண்டுமென்றே செய்யாவிட்டாலும். ஒரு குறிப்பிட்ட தேதியில் பதிவேட்டிலிருந்து தகுதியுள்ள அத்தனை பேரையும் எடுங்கள், 40-க்கு மேல் இருந்தால் அதிலிருந்து குலுக்கி 40, ஒப்புதல் வாங்குங்கள், முதல் பிரஷர் அளவு எடுங்கள். 80 துணை நிலையங்களிலும் இது முடிந்த பிறகு ஒரே நாளில் பிரிவுக் குலுக்கல். தகவல் தாளிலும் "முடிவானது" என்பதை "முடிவாகும்" என்று மாற்றிவிடுங்கள். சேர்வராயன் அவர்களே, சேலம் அரசு மருத்துவமனைக்கும் போய் மாத்திரை வாங்குபவர்களை முதல் நாளிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டு இடத்தில் பதிவான ஆள் இரண்டு முறை எண்ணப்படக் கூடாது.

---

மலைச்செவிலி பதில்:

புதுப் படிவம் எதுவும் வேண்டாம் டாக்டர். இருக்கிற பதிவேட்டுல ஒரே ஒரு கட்டம் சேருங்க, "கொடுத்த மாத்திரை எண்ணிக்கை". தேதியும் பிரஷரும் ஏற்கெனவே இருக்கு. மாசக் கடைசில அந்த மூணு பத்தியையும் போன்ல படம் எடுத்து அனுப்பினாப் போதும், பெயர்ப் பத்தியை ஒரு அட்டையால மறைச்சுட்டு எடுக்கச் சொல்லுங்க. 80 இடத்துலேர்ந்தும் வருதான்னு பார்க்க உங்ககிட்ட ஒரு ஆள் மாசம் ரெண்டு நாள் உட்கார்ந்தா ஆகும். முதல் ரெண்டு மாசம் எங்கே கட்டம் காலியா வருதோ, அங்கே உடனே ஒருத்தர் நேர்ல போகணும். அப்ப விட்டா வருஷம் முழுக்க காலியாத்தான் வரும்.